கெலேரா திட்டவில்லை

'டொக்!'

முற்றிய தேங்காய் இரண்டு மோதிக்கொண்ட மாதிரி ஒரு சத்தம். மழை கொட்டிக்கொண்டிருந்த சுவா ரக்பி மைதானத்தில், கோட்டுக்கு வெளியே பெஞ்சில் இருந்த லோசானாவின் காதுக்கே அது எட்டியது. பதறி எழுந்தாள்.

கெலேரா சேற்றில் குப்புறக் கிடந்தாள். அவளோடு தலை மோதிய எதிரணிப் பெண் நெற்றியைப் பிடித்துக்கொண்டு உருண்டாள். உதவிக்கு ஆள் ஓடி வருவதற்குள் கெலேரா எழுந்துவிட்டாள். பந்து இன்னும் அவள் கையில்தான் இருந்தது. அதைத் தோழிக்கு வீசிவிட்டு, மிச்சமிருந்த ஆட்டத்தையும் ஓடி முடித்தாள். விசில் ஒலித்தது. அரையிறுதியில் வெற்றி.

சாயங்காலம் இறுதி ஆட்டம். தேசிய அணியின் கோச் குடையோடு வந்து உட்கார்ந்திருந்தார். வெளிநாட்டுப் பயணத்துக்கு ஒரே ஒரு இடம்தான் பாக்கி. இருபத்தொன்பது வயது கெலேராவுக்கு இதுதான் கடைசி பஸ். அவள் ஆடாவிட்டால் அவளுடைய அணிச் சட்டையும் அந்த வாய்ப்பும், அதே இடத்துக்கு மாற்று ஆட்டக்காரியாக உட்கார்ந்திருக்கும் லோசானாவுக்குப் போகும்.

இருவரும் தௌவு. கெலேராவின் தீவுக்கும் லோசானாவின் மலையூருக்கும் ஆதி முன்னோர் ஒருவர்தான். அந்த உறவில் ஒருத்தியை ஒருத்தி திட்டலாம். திட்டினால் பதிலுக்குத் திட்டியே தீர வேண்டும். ஒருத்தியின் பொருளை இன்னொருத்தி கேட்காமல் எடுத்துக்கொள்ளலாம். அதற்குக் கோபிக்கக் கூடாது. அன்று காலையில்கூட லோசானாவின் மரவள்ளிக்கிழங்கை, "காட்டுப்பன்னிக்கு எதுக்குடி இவ்வளவு?" என்று கேட்டபடியே கெலேரா தின்று தீர்த்திருந்தாள். லோசானாவும் சும்மா இருப்பவள் அல்ல. கெலேராவின் காலுறை, துண்டு, சோப்பு எல்லாம் அவள் பையில்தான் கிடக்கும். பூட்ஸை மட்டும் தொட மாட்டாள். கெலேராவுக்கு அது உயிர்.

வெளியே வந்த கெலேராவை வழக்கம்போல வரவேற்றாள் லோசானா.

"ஏ மீன்தலை! பாவம்டி அந்தப் பொண்ணு. உன் மண்டைக்குள்ள தேங்காத் தண்ணிதான், அவளுக்கு மூளை இருந்திருக்குமே!"

கெலேரா அவளைப் பார்த்துப் புன்னகைத்தாள்.

"பரவாயில்ல, லோசானா. நன்றி."

லோசானாவின் சிரிப்பு பாதியிலேயே நின்றுவிட்டது. நன்றியா? இந்த வாயிலிருந்தா?

மருத்துவக் கூடாரத்தில் டாக்டர் ரேஷ்மி, தலையில் அடிபட்டவர்களிடம் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளைக் கேட்டாள். எந்த மைதானம்? யாரோடு ஆட்டம்? கடைசியாகப் புள்ளி எடுத்தது யார்? எல்லாவற்றுக்கும் கெலேரா டாண் டாண் என்று பதில் சொன்னாள். இந்தக் கேள்விகளை வைத்து பஸ்ஸில் பாட்டே கட்டி எல்லோருக்கும் சொல்லிக்கொடுத்தவளே அவள்தான். ஒற்றைக்காலில் நிற்கச் சொன்னபோதும் நின்றாள். படகில் வளர்ந்தவள், ஒற்றைக்காலில் தூங்கக்கூடச் செய்வாள்.

லோசானாவுக்கு மனசு ஆறவில்லை. உடை மாற்றும் அறையில் எல்லோர் முன்னாலும் குரலை உயர்த்தினாள்.

"ஏய், உங்க தீவுல ஆம்பளைங்க மீன் பிடிக்கப் போனா, மீனுங்க அவங்களைப் பிடிச்சுக் கரையில விட்டுட்டுப் போகுமாமே!"

எதிரடிக்காக எல்லோரும் காத்திருந்தார்கள்.

"அப்படியா?" என்றாள் கெலேரா மெதுவாக. "எனக்குத் தெரியாதே."

பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். "ஃபைனலுக்கு வாயை மிச்சம் பிடிக்கிறாடி!" என்றாள் கேப்டன் தோரிகா.

போன வருடம் ஒரே நாளில் இரண்டு முறை தலையில் அடிபட்ட பெண்ணை லோசானாவுக்குத் தெரியும். அந்தப் பெண் இன்றைக்கும் பெற்ற அம்மாவின் பெயரைத் தேடிக்கொண்டிருக்கிறாள்.

தோரிகாவைத் தனியே இழுத்துப்போய், கெலேரா சரியாக இல்லை என்று சொன்னாள். தோரிகாவின் முகம் இறுகியது.

"டாக்டரே சரின்னு சொல்லியாச்சு. நீ போய்ச் சொன்னா சட்டை யாருக்கு வரும்? உனக்குத்தானே? ஊர் என்ன பேசும்னு யோசிச்சியா?"

யோசித்தாள். வெளியே அடுத்த ஆட்டத்துக்கான கூச்சல் கேட்டது. கெலேரா பூட்ஸ் கயிற்றைக் கட்டி, அவிழ்த்து, மறுபடி கட்டிக்கொண்டிருந்தாள்.

லோசானா கூடாரத்துக்கு ஓடினாள்.

கேட்டு முடித்ததும் அங்கிருந்த கிளப் கோச் இலிசோனி கையை விரித்தார். "திட்டலைன்னா மூளை கெட்டுப்போச்சா? அப்போ இந்த ஊர்லயே ஆரோக்கியமானவ என் மாமியாதான்!"

டாக்டர் சிரிக்கவில்லை. "இதுக்கு முன்னால எப்பவாவது பதில் சொல்லாம இருந்திருக்காளா?"

"அவங்க அப்பா செத்த வாரம்கூடத் திட்டினா, டாக்டர்," என்றாள் லோசானா.

ரேஷ்மி எழுந்தாள். "கோச், கெலேரா ஆடக் கூடாது. அவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறேன்."

இலிசோனி லோசானாவை முறைத்தார். "அப்போ நீ இறங்கு."

"நான் மாட்டேன், கோச்."

"வேற யாரு இருக்கா? ரெண்டு பேர் காலையிலேயே கால் பிசகி உக்காந்துட்டாங்க. ஏழு பேர் ஆட்டத்தை ஆறு பேரை வெச்சு ஆடச் சொல்றியா?"

கெலேரா சட்டையைக் கழற்றி, அழகாக மடித்து, லோசானாவின் கையில் வைத்தாள். "நல்லா ஆடு," என்றாள். அதைவிட அவள் கன்னத்தில் அறைந்திருக்கலாம்.

இறுதி ஆட்டத்தின் முதல் பாதியில் லோசானாவுக்கு ஒருத்தியும் பந்து தரவில்லை. கை நீட்டிக்கொண்டே ஓடினாள். தோரிகா அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. இரண்டாம் பாதியில் எதிரணி வீசிய பந்தை நடுவில் பாய்ந்து பறித்தாள். யாரையும் எதிர்பார்க்காமல், சேறு தெறிக்க, மைதானத்தின் பாதியைக் கடந்து எதிரணியின் கோட்டுக்கு அப்பால் பந்தோடு போய் விழுந்தாள். அந்தப் புள்ளிகளில்தான் அணி ஜெயித்தது.

"திங்கக்கிழமை முகாமுக்கு வந்துடு," என்றார் தேசியக் கோச்.

அணியில் யாரும் கை தட்டவில்லை. "நினைச்சதைச் சாதிச்சுட்டே," என்றாள் தோரிகா.

ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் ஆராதனை முடிந்ததும் அதே வெள்ளை உடையோடு லோசானா ஆஸ்பத்திரிக்குப் போனாள். வராந்தாவில் ரேஷ்மி எதிர்ப்பட்டாள்.

"தலைக்குள்ள லேசா இரத்தம் கசிஞ்சிருக்கு. நேத்து இன்னொரு அடி பட்டிருந்தா..." டாக்டர் தலையை ஆட்டினாள். "இப்போ நல்லாத் தெளிஞ்சுட்டா. நடந்ததெல்லாம் சொல்லிட்டேன். இனிமே ரக்பி மட்டும் முடியாது."

லோசானாவின் கால் வாசலிலேயே நின்றது. நேற்று கெலேரா மரியாதையாகப் பேசினாள் என்றால் அது அடிபட்டதால். தெளிந்த பிறகும் மரியாதையாகப் பேசினால்? அப்படியானால் தௌவு உறவு முறிந்தது என்று அர்த்தம்.

கெலேரா ஜன்னலைப் பார்த்துப் படுத்திருந்தாள்.

"வா, லோசானா. உட்காரு."

மரியாதை! லோசானாவுக்கு உட்காரத் தோன்றவில்லை. வழிநெடுகத் தயார் செய்து வந்த வசவு ஒன்றுகூட நாக்கில் வரவில்லை.

"ஏ... மீன்தலை..." என்றாள். குரல் உடைந்தது.

கெலேரா மெல்லப் புரண்டு, அவளை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள்.

"சட்டையைத் திருடத் தெரிஞ்ச காட்டுப்பன்னிக்கு பூட்ஸைத் திருடத் தெரியலையா? கட்டிலுக்கு அடியிலதான் கிடக்கு, எடுத்துத் தொலை!"