குட்டிக்கு ஒரு பங்கு

கடை நடுவனுக்கு, வீடு அவனுக்கும் பெரியவளுக்கும் ஆளுக்குப் பாதி என்று சொல்லி முடித்த கையோடு, "குட்டியைப் பெரியவ வெச்சுக்கட்டும்" என்றார் அப்பா. வக்கீல் அதையும் உயிலில் எழுதிக்கொண்டார்.

பெரியவளுக்குச் சுருக்கென்றது. பழைய பீரோவை யார் தலையில் கட்டலாம் என்று கேட்கிற அதே குரல். குட்டி என்பது பெயர்தான். கடைசித் தம்பிக்கு நாற்பதை நெருங்குகிறது. பேச்சு நின்று நின்று வரும், கணக்கு வராது. ஆனால் அப்பாவின் சலவைக் கடையில் அவனைப் போல விரிப்பு மடிக்க ஆள் கிடையாது. இன்றைக்கும் தானே தேய்த்த சட்டையில், இவர்கள் பேசுவதை எல்லாம் கேட்டபடி நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தான்.

"அவன் என்னப்பா, சாமானா? அவன் பேர்ல ஒரு செங்கல்கூட எழுதலையே."

"எழுதி என்னம்மா பண்றது? நாளைக்கே எவனாவது ஏமாத்தி வாங்கிட்டுப் போயிடுவான். உன் பாதியில அவனுக்கும் சேர்த்துதான இருக்கு."

"நீதானக்கா அவன நல்லாப் புரிஞ்சவ" என்றான் நடுவன்.

அந்தப் பேச்சைக் கேட்டாலே அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். அம்மா போன பிறகு அவனுக்குக் காய்ச்சல் என்றால் அவள், பல்வலி என்றால் அவள். மருத்துவமனை ஆய்வகத்தில் நாள் முழுக்க ரத்தம் எடுத்துவிட்டு வந்து அவனுக்கு நகம் வெட்டிவிடுபவளும் அவள். புரிந்தவள் என்று பட்டம் கட்டியே எல்லாரும் கைகழுவிவிட்டார்கள்.

குட்டியின் பங்கை அவர் பெயரிலேயே எழுதி, பார்த்துக்கொள்ள இரண்டு பொறுப்பாளர்களைப் போடலாம், இருவரும் சேர்ந்து கையெழுத்துப் போடாமல் யாரும் தொட முடியாது என்றார் வக்கீல்.

"அப்படியே எழுதுங்க" என்றாள் பெரியவள். "மூணு பங்கு. அவன் என்கூடத்தான் இருப்பான், அதுல எனக்கு ஒரு வருத்தமும் இல்ல. எங்க வீட்டுப் பின்னறைய ஒழிச்சு வெச்சாச்சு. ஆனா அவன் ஒண்ணும் ஓசியில வரமாட்டான்."

"நான் வரல" என்றான் குட்டி.

எல்லாரும் திரும்பினார்கள்.

"எங்கடா வரல?"

"உன் வீட்டுக்கு. நான் கடை மாடில இருப்பேன்."

"தனியாவா? அடுப்ப அணைக்கவே மறந்துடுவ."

"அப்பா கேக்கல. அண்ணனும் கேக்கல." அவள் பக்கம் திரும்பினான். "நீயும் கேக்கலக்கா."

அவளுக்கு அவனை ஓங்கி ஓர் அறை விட வேண்டும் போலிருந்தது. இத்தனை வருஷம் ஓடியதெல்லாம் யாருக்காக? ஊரையே எதிர்த்து இவனுக்காகச் சண்டை போட்டால், இவன் அவளையும் அவர்களோடு கொண்டுபோய் வரிசையில் நிறுத்துகிறான். அதைவிட ஆத்திரம், அவன் சொன்னது பொய்யில்லை என்பதுதான். பின்னறைக்குச் சுண்ணாம்பு அடித்தபோதுகூட அவனிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

வக்கீல் எழுதியதை ஓரமாக ஒதுக்கிவிட்டு, நாற்காலியைக் குட்டி பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டார். "சொல்லுங்க சார். உங்களுக்கு எப்படி இருக்கணும்?"

அவனை யாரும் சார் என்று கூப்பிட்டதில்லை. நிமிர்ந்து உட்கார்ந்தான். "மாடில… ராத்திரி…" என்று ஆரம்பித்து நின்றுவிட்டான். உதடுகள் மட்டும் சத்தமில்லாமல் அசைந்தன.

அப்பா வாயெடுத்தார். பெரியவள் கையை நீட்டித் தடுத்தாள். அவன் எந்தச் சொல்லைத் தேடுகிறான் என்று அவளுக்குத் தெரியும். எடுத்துக் கொடுத்தே பழகிய நாக்கு துறுதுறுத்தது. பல்லைக் கடித்துக்கொண்டாள். குட்டி கண்ணை மூடி, இரண்டு கைகளையும் மடிமேல் விரித்து வைத்து, சொல்லைத் தேடிக்கொண்டே இருந்தான்.