அலமாரிக் கதவுக்கு வெளியே

அந்த வீட்டில் சத்தம் அதிகம் புகாத இடம் ஒன்றுதான் இருந்தது. படுக்கையறையில் சுவரை ஒட்டி நின்ற துணி அலமாரி. கீழ்த்தட்டைக் கழற்றிவிட்டால் ஓர் ஆள் முழங்காலைக் கட்டிக்கொண்டு உள்ளே உட்காரலாம். தொங்கும் துணிகள் எதிரொலியை விழுங்கிவிடும். ஒரு தொல்லை, அதன் கதவு தானாக மூடி நிற்காது. வெளியே தாழ்ப்பாள் போட வேண்டும். அது நாத்தனாரின் வேலை.

"போட்டுடட்டுமா?" என்பாள் நாத்தனார்.

"போடுங்கக்கா" என்று உள்ளேயிருந்து கத்துவாள் அவள். கத்தித்தான் சொல்ல வேண்டியிருந்தது. நாத்தனாருக்குக் காது மந்தம். எதைச் சொன்னாலும் முதலில் ஒரு "ஆங்?" வரும்.

அவள் மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் வெட்டுகிறவள். நாள் முழுக்க இயந்திரத்தின் இரைச்சல், விரல் நுனியில் வெள்ளைப் பொடி. தன்னுடைய முதல் பேய்க்கதையை ஒரு மதிய இடைவேளையில் இரண்டு பேருக்கு மட்டும் படித்துக் காட்டினாள். ஒருத்தி கல்லாவில் உட்காரும் தோழி. இன்னொருவன், ஆர்டர்களைக் கொண்டுபோய்க் கொடுக்கும் ஜெட். அது பட்டப்பெயர். காலையில் பக்கத்துத் தெருவுக்குப் போனால் சாயங்காலம்தான் திரும்புவான்.

"நிஜமாவே நீ எழுதினதா?" என்றாள் தோழி, சாப்பிட்ட கை காய்வது தெரியாமல்.

"நெட்ல போடு. நீ போடலேன்னா நான் போட்டுடுவேன், என் பேர்ல" என்றான் ஜெட்.

அவளை யாரும் அதுவரை எதற்காகவும் பாராட்டியதில்லை. போட்டாள். பத்துப் பேர் படித்தார்கள், பிறகு நூறு பேர், பிறகு எண்ணுவதை விட்டுவிட்டாள். முகம் தெரியாத ஒரு நர்ஸ், 'டூட்டி முடிஞ்சு பஸ்ல உங்க கதைதான் துணை, பக்கத்துல இருக்கிறவங்க என்னை ஒரு மாதிரி பாக்கறாங்க' என்று எழுதியிருந்தாள். அதை அவள் மனப்பாடம் ஆகும்வரை படித்தாள். எழுதினால் போதாது, உங்கள் குரலிலேயே கேட்க வேண்டும் என்றார்கள் வாசகர்கள். தோழியும் ஜெட்டும் பணம் போட்டு ஒரு சின்ன மைக் வாங்கிவந்தார்கள்.

"இனிமே நீ எந்தச் சாக்கும் சொல்ல முடியாது" என்றாள் தோழி.

அன்பாகத்தான் சொன்னாள். ஆனாலும் பெட்டியைக் கையில் வாங்கியபோது, பின்னால் ஏதோ கதவு சாத்திக்கொண்டதுபோல அவளுக்கு இருந்தது.

அவளைப் பிரபலமாக்கிய தொடரின் பெயர் 'விருந்தாளி'. ஒரு சின்ன வீட்டுக்கு ஒரு பெண் வருகிறாள். போவதே இல்லை. அவள் உயிரோடு இல்லை என்பது புருஷன் பெண்டாட்டிக்கு மெதுவாகத்தான் புரிகிறது. விருந்தாளி செருப்பை இழுத்து இழுத்து நடப்பாள். அடுப்பை அணைத்த பிறகும் கேஸை மூன்று தடவை பார்ப்பாள். கழுவிய தம்ளர்களை வரிசையாகக் கவிழ்த்துவிட்டு அந்த வரிசையையே பார்த்துக்கொண்டு நிற்பாள்.

எதையும் கற்பனை செய்ய வேண்டியிருக்கவில்லை. புருஷன் செத்த பிறகு, கொஞ்ச நாள் இருந்துவிட்டுப் போகிறேன் என்று ஒரு பழுப்புநிறப் பையோடு வந்தவள் நாத்தனார். எப்போது போகப் போகிறாள் என்று யாரும் கேட்கவில்லை. கேட்க வேண்டியவன் அவள் தம்பி, இவளுடைய கணவன். அவனோ லாரி ஓட்டுகிறவன், வாரத்தில் பாதி நாள் சாலையில். மீதி நாளில் இவளும் நாத்தனாரும் ஒருவர் வழியில் ஒருவர் நின்றுகொண்டிருந்தார்கள்.

அலமாரிக்குள் உட்கார்ந்து இரண்டாம் அத்தியாயத்தை வாசித்தபோது அந்தச் செருப்புச் சத்தம் தற்செயலாகப் பதிவாகிவிட்டது. கதவுக்கு அந்தப் பக்கம், சரக்... சரக்... அழித்துவிட நினைத்து, மறந்து, வெளியிட்டுவிட்டாள். வாசகர்களுக்குப் பித்துப் பிடித்துவிட்டது. அதன் பிறகு ஒவ்வொரு பதிவின்போதும், "கொஞ்சம் இங்கயும் அங்கயும் நடங்கக்கா" என்று கத்துவாள். நாத்தனார் ஏன் என்று கேட்டதில்லை. நடந்தாள்.

கருத்துகளில் சூடு ஏறியது. 'இவளை எப்ப வெளிய அனுப்பப் போறீங்க?' 'எங்க வீட்லயும் இப்படி ஒண்ணு உக்காந்திருக்கு, ஆனா உயிரோட.' அதற்குச் சிரிப்புப் பொம்மைகள் கொட்டிக் கிடந்தன. ஜெட் சும்மா இருப்பானா, ஓட்டெடுப்பு வைத்தான். விருந்தாளி இருக்கலாமா, போகணுமா? போகணும் என்றார்கள், கிட்டத்தட்ட எல்லோரும். முடிவு நன்றாக அமைந்தால் புத்தகமாகப் போடுகிறோம் என்று ஒரு பதிப்பகத்திலிருந்து பேசினார்கள்.

"தள்ளு அவளை. நாங்க இருக்கோம்" என்றாள் தோழி.

ஞாயிற்றுக்கிழமை மதியம் அவள் கடைசி அத்தியாயத்தின் தாள்களோடு அலமாரிக்குள் போனாள். தாழ்ப்பாள் விழுந்தது. பாச்சை உருண்டை வாசனை, முகத்தில் உரசும் கணவனின் கல்யாணக் கோட்டு, போனின் நீல வெளிச்சம். வாசித்தாள். புருஷனும் பெண்டாட்டியும் வாசல் கதவைத் திறக்கிறார்கள். விருந்தாளியை வெளியே தள்ளுகிறார்கள். கதவைச் சாத்துகிறார்கள். வீட்டில் முதல்முறையாக வெளிச்சம் வருகிறது. முற்றும்.

"முடிஞ்சுது. திறங்கக்கா."

பதில் இல்லை. கதவைத் தட்டினாள். மறுபடியும் கத்தினாள். வேர்வை கண்ணில் இறங்கியது. போன் மின்னியது. ஜெட் அனுப்பியிருந்தான்: 'ஆளை அனுப்பியாச்சா?'

சரக்... சரக்... செருப்புச் சத்தம் வந்து கதவருகே நின்றது.

"கத்தாதேம்மா. கேக்குது" என்றாள் நாத்தனார், மிகச் சாதாரணக் குரலில்.

உள்ளே அவள் கதவைத் தட்டிய கையை இழுத்துக்கொண்டாள்.

"எனக்கு வலது காதுதான் போச்சு. இன்னொண்ணு நல்லாத்தான் இருக்கு."

"அப்ப ஏன்க்கா எப்பப் பாத்தாலும் ஆங், ஆங்னு..."

"சின்ன வீடு. நீங்க ரெண்டு பேரும் பேசிக்கிறது எனக்குக் கேக்காதுன்னு இருந்தா உங்களுக்கு நல்லதுன்னு நெனச்சேன்."

அவள் போனை எடுத்தாள். கணவனைப் போனில் கூப்பிடலாம். உங்க அக்கா என்னை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டாள் என்று சொல்லலாம். ஏன் என்று கேட்பானே. போனைக் கவிழ்த்து வைத்தாள்.

"முதல்லேருந்தே கேட்டீங்களா?"

"தாழ்ப்பாளைப் போட்டுட்டு எங்க போக? நீ நடக்கச் சொன்னா நடப்பேன், மத்த நேரம் இங்கதான் உக்காந்திருப்பேன்." ஒரு நாற்காலி நகரும் சத்தம். "நல்லா எழுதறே. பொய் சொல்லல. கேஸை மூணு தடவை பாக்கறேன்னு நீ சொல்லித்தான் எனக்கே தெரிஞ்சுது. அப்புறம் ரெண்டு தடவையோட நிறுத்திப் பாத்தேன். தூக்கம் வரல."

மன்னிப்புக் கேட்க நினைத்தவள், கோட்டின் ஒரு பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தாள்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். வெளிய தள்ளிட்டீங்க, கதவையும் சாத்திட்டீங்க. அப்புறம் அவ எங்க போவா?"

அத்தனை வாசகர்களில் ஒருவர்கூட அதைக் கேட்டதில்லை. அவளுக்கும் தோன்றியதில்லை.

"அதோட கதை முடிஞ்சுதுக்கா."

"வீட்டுக்குள்ள இருக்கிறவங்களுக்கு முடிஞ்சுது."

தாழ்ப்பாள் விலகியது. கதவு தன் வழக்கப்படி தானே மெல்லத் திறந்துகொண்டது. வெளிச்சத்தில் கண் கூசியது. நாத்தனாரின் காலடியில் அந்தப் பழுப்புநிறப் பை, ஜிப் மூடி, உப்பலாக இருந்தது. அவள் உள்ளே கத்திக்கொண்டிருந்தபோது இதைத்தான் கட்டிக்கொண்டிருந்திருக்கிறாள்.

"தம்பிகிட்ட ஒண்ணும் சொல்லாதே" என்றாள். "ஊர்ப்பட்ட பேர் ஓட்டுப் போட்டிருக்காங்கன்னு நீ போன்ல சொன்னதும் கேட்டுது. அவங்க பேச்சைத் தட்ட முடியுமா?" லேசாகச் சிரித்தாள். அந்த முகத்தில் சிரிப்பைப் பார்த்ததாக அவளுக்கு நினைவே இல்லை.

"எங்கக்கா போவீங்க?"

"அதைத்தானே உன்னைக் கேட்டேன்."

போகாதீங்க என்றால் வெறும் மரியாதைக்குச் சொன்னதாகிவிடும். இத்தனை அத்தியாயம் வாசித்த அதே வாய். அவள் எழுந்து வெளியே வரவும் இல்லை. முழங்காலைக் கட்டிக்கொண்டு அலமாரிக்குள்ளேயே இருந்தாள். பிறகு கடைசித் தாளைக் கிழித்தாள்.

"இன்னொரு தடவை படிக்கறேன். தாழ்ப்பாள் வேண்டாம். கேட்டுட்டுப் போங்க."

நாத்தனார் யோசித்தாள். நாற்காலியை விட்டு இறங்கி, பையைக் கதவுக்கு எதிரே இழுத்துப்போட்டு அதன் மேலேயே உட்கார்ந்தாள். இடது காதைத் திருப்பினாள்.

இருட்டில், துணிகளிடம் வாசிப்பது எளிது. கேட்கிறவள் எதிரே இருக்கும்போது நாக்கு எழவில்லை. கையில் தாளும் இல்லை.

"கதவு சாத்தினதும்... அவ கொஞ்ச நேரம் படியில உக்காந்தா."

"ம்."

"உள்ளே தம்ளரைக் கழுவற சத்தம் கேட்டுது. அதை... அதை யாரும் கவிழ்த்து வைக்கல."

"ம்."

அதற்கு மேல் ஒன்றும் வரவில்லை. போன் கவிழ்ந்தபடியே ஓயாமல் அதிர்ந்தது, ஜெட், தோழி, யார் யாரோ. எடுத்து அணைத்தாள். எதிரே அந்த ஒற்றைக் காது காத்திருந்தது. அதனிடமிருந்து எழுந்து ஓடவும் வழியில்லை.

நாத்தனார் கால்களை மடக்கிக்கொண்டாள். செருப்பு இரண்டையும் கழற்றி ஓரமாகத் தள்ளினாள்.

"ம்" என்றாள். "சொல்லு. உள்ளே இருந்தவங்க என்ன பண்ணாங்க?"