சுடச் சொன்னவன்

தாபரு மேட்டில் மழை விட்டபாடில்லை. கலகக்காரர்களின் பழைய துப்பாக்கிகளில் மருந்து நமுத்துப்போனதால் அவர்கள் வாளோடு வந்தார்கள். வாள் கட்டக் கூடாது என்று அரசு சட்டம் போட்டதையும், பரம்பரை மானியத்தை நிறுத்தியதையும் பொறுக்க மாட்டாமல் கிளம்பிய சாமுராய்கள். இந்தப் பக்கம் லெப்டினன்ட் நாகுரா தென்சோவிடம் இருந்தவர்களோ கட்டாயச் சேர்ப்பில் வந்த குடியானவர்கள். தென்சோ மட்டும் சாமுராய் வீட்டுப் பிள்ளை. குடுமியை அறுத்துப் போட்டுவிட்டுப் புதுப் பட்டாளத்தில் சேர்ந்தவன்.

ஒரு காலை மழை சற்றுத் தணிந்தபோது எதிர் அகழியிலிருந்து ஓர் ஆள் ஏறி வெளியே வந்தான். வைக்கோல் செருப்பு, நனைந்த குடுமி, கையில் உருவிய வாள்.

"நாகுரா தென்சோ இங்கதான இருக்கான்? முராய் கியூகோ வந்திருக்கேன்னு சொல்லுங்க!"

கியூகோ, தென்சோவின் மனைவி கினுவுக்குக் கூடப் பிறந்த அண்ணன். குமாமோத்தோவில் ஒரே கூடத்தில் இருவரும் வாள் பழகியவர்கள்.

"என்ன மாப்ள, சத்தத்தையே காணோம்? அந்தப் பித்தளை பட்டன் எல்லாம் மழையில களிம்பேறிடப் போவுது. வெளிய வா, ஒரு கை பாத்துடலாம்!"

எதிர் அகழியில் சிரிப்பலை எழுந்தது. சிப்பாய்கள் தென்சோவின் முகத்தைப் பார்த்தார்கள்.

"யாரும் சுடக் கூடாது. இது எங்க ரெண்டு பேருக்குள்ள" என்றான்.

மோஹெய் என்ற சிப்பாய் தயங்கித் தயங்கி, "எதுக்குங்கய்யா இந்த வம்பு? இங்கேருந்தே ஒரு தட்டு தட்டினா ஆளு காலி" என்றான்.

"வாய மூடு. இதெல்லாம் உனக்குப் புரியாது."

அதைச் சொன்னபோது தென்சோவுக்குப் பெருமையாகவே இருந்தது. அந்தப் பெருமையோடுதான் சேற்றில் இறங்கி நடந்தான். பாதி வழியில், முதல் நாள் தோளிலிருந்து இடுப்பு வரை பிளந்து கிடந்த தன் சிப்பாய் ஒருவனின் உடல் ஞாபகத்துக்கு வந்தது. வாளை உருவினான். உருவிய வாளின் நுனி காற்றில் பட்ட இலைபோல ஆடியது. இறுக்கிப் பிடித்தான், இன்னும் அதிகமாக ஆடியது.

கியூகோ அதைப் பார்த்துவிட்டான். அவன் முகத்திலிருந்த கேலி மறைந்தது. வாளைத் தாழ்த்தினான். இரண்டு பக்கத்துக்கும் கேட்காதபடி மெல்லப் பேசினான்.

"தென்சோ, கை நடுங்குதுடா. பரவாயில்ல. கால் வழுக்கின மாதிரி விழு, நான் சிரிச்சுட்டுத் திரும்பிப் போயிடறேன். யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். கினு மேல ஆணை."

கோழை என்று காறித் துப்பியிருந்தால்கூடத் தென்சோ தாங்கியிருப்பான். இந்த இரக்கத்தைத் தாங்க முடியவில்லை. தன் பயத்தைப் பார்த்த அந்தக் கண்கள் இனி உலகத்தில் இருக்கக் கூடாது என்று ஒரு வெறி வந்தது. பக்கவாட்டில் தாவி விழுந்து, "சுடு!" என்று கத்தினான்.

யாரும் சுடவில்லை.

"ஐயா, சுடக் கூடாதுன்னு நீங்கதான..." என்று மோஹெய்யின் குரல் கேட்டது.

"சுடுங்கடா!"

கியூகோ துப்பாக்கிகளின் பக்கம் திரும்பவேயில்லை. தாழ்த்திய வாளைத் தூக்கவுமில்லை. குண்டு பாய்ந்து விழும்வரை தென்சோவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான், என்ன நடக்கிறது என்று விளங்காதவன் போல.

பிறகு கர்னல் வந்து தென்சோவின் முதுகில் தட்டிக் கொடுத்தார். "சபாஷ்! பழைய பைத்தியக்காரத்தனத்துக்கு மயங்காத ஆளு நீ. சொந்த மச்சானா இருந்தும் கடமையப் பாத்தே. புதுப் பட்டாளம்னா இதுதான்."

"நன்றி ஐயா" என்றான் தென்சோ. சிப்பாய்கள் யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

அதன்பின் புதிதாக வரும் அதிகாரிகளுக்கெல்லாம் அந்தக் கதையைச் சொல்லும்படி கர்னல் அவனைக் கூப்பிடுவார். ஒவ்வொரு தடவை சொல்லும்போதும் கியூகோவின் வாள் கொஞ்சம் கொஞ்சமாக உயர்ந்தது. கடைசியில் அவன் தென்சோவின் கழுத்தைக் குறிவைத்துப் பாய்பவனாகவே ஆகிவிட்டான். கேட்டவர்கள் தலையாட்டினார்கள்.

இலையுதிர் காலத்தில் சண்டை ஓய்ந்து கொகுராவிலிருந்த தன் வீட்டுக்குத் திரும்பினான். கினு வெள்ளைத் துக்க உடையில் இருந்தாள். எதிரிப் பக்கம் செத்தவனுக்காக ஓர் அதிகாரியின் மனைவி வெளிப்படையாகத் துக்கம் காக்கிறாளே என்று அக்கம்பக்கத்தில் முணுமுணுத்தார்கள். அவள் சட்டை செய்யவில்லை.

"அண்ணன் எதிர்ல வந்தாராமே. நீங்கதான் சுடச் சொன்னீங்களாம். கர்னல் வீட்டம்மா வந்து பெருமையா சொல்லிட்டுப் போனாங்க" என்றாள்.

"ஆமா."

"வெட்ட வந்தாரா?"

சொல்லிச் சொல்லிப் பழகிய கதை வாய் வரைக்கும் வந்தது. அவள் முகத்தைப் பார்த்தான். "இல்ல" என்றான். பிறகு நடந்ததைச் சொன்னான். கை நடுங்கியதைச் சொன்னான். கியூகோ சொன்னதையும், அவன் வைத்த ஆணையையும் சொன்னான். தலையைத் தூக்காமலே சொல்லி முடித்தான்.

அவள் அழவில்லை. "அவர் யார்கிட்டயும் சொல்லியிருக்க மாட்டாருங்க" என்றாள். "என்கிட்டகூடச் சொல்லியிருக்க மாட்டார். அது உங்களுக்கும் தெரியும்."

எழுந்து உள்ளே போய்விட்டாள். அடுப்பில் சோறு கொதித்து வழிந்து தீ சீறுவது கேட்டது. யாரும் இறக்கி வைக்கவில்லை.

அவள் பிறந்த வீட்டுக்குப் போகவில்லை. அதைப் பற்றி மறுபடி ஒரு வார்த்தை கேட்கவுமில்லை. குளிர் தொடங்கியபோது தென்சோவுக்குக் கேப்டனாகப் பதவி உயர்வு வந்தது. வேண்டாம் என்று சொல்லிவிட எண்ணித்தான் கர்னல் முன்னால் போய் நின்றான். காரணம் கேட்பார்களே என்று தோன்றியது. குனிந்து வணங்கி வாங்கிக்கொண்டான்.

கேப்டனுக்கான புதுப் பட்டையைச் சட்டையில் தைத்துத் தரும்படி கினுவிடம் கேட்க அவனுக்கு வாய் வரவில்லை. அவள் கிணற்றடிக்குப் போயிருந்த நேரத்தில், கதவைச் சாத்திக்கொண்டு, தானே ஊசியில் நூல் கோத்து உட்கார்ந்தான்.