நூலகக் கட்டடம், பின்புறத் தகரக் கொட்டகை

அந்தப் பல்கலைக்கழகத்தில் புதிய நூலகம் எழும்பிக்கொண்டிருந்தது. கீழ்த்தளத்தில் தரைக்கு டைல்ஸ் ஒட்டிக்கொண்டிருந்தவளை எல்லோரும் டைல்ஸ்காரம்மா என்றே கூப்பிட்டார்கள். அவள் கணவன் மேல்தளத்தில் கம்பி கட்டுகிறவன். கட்டடத்தின் பின்னால், சிமெண்டு மூட்டைகளை ஒட்டிய தகரக் கொட்டகையில்தான் குடித்தனம். ஒரு கட்டடம் முடிந்தால் மூட்டையைக் கட்டிக்கொண்டு அடுத்ததற்குப் போய்விடுவார்கள். அப்படிப் போய்ப் போய், மகள் பன்னிரண்டு வருடப் படிப்பை ஒன்பது பள்ளிக்கூடங்களில் படித்து முடித்தாள். கடைசிப் பள்ளியில் கணக்கில் அவள்தான் முதல்.

அதே பல்கலைக்கழகத்துக்கு மகள் விண்ணப்பம் போட்டாள். நான்கு நாள் கழித்துப் பதில் வந்தது. முகவரி செல்லாது, விண்ணப்பம் நிராகரிக்கப்படுகிறது என்று ஒரே வரி.

மத்தியானச் சாப்பாட்டு இடைவேளையில் டைல்ஸ்காரம்மா கையைக்கூடச் சரியாகக் கழுவாமல் மகளை அழைத்துக்கொண்டு சேர்க்கை அலுவலகத்துக்கு நடந்தாள். முந்நூறு அடிகூட இருக்காது. வேலையாட்கள் வரும் வழி பின்பக்கம் என்று வாசல் காவலாளி மறித்தார்.

"நான் வேலைக்கு வரலைங்க. என் பொண்ணைச் சேர்க்க வந்திருக்கேன்" என்றாள். காவலாளி ஒதுங்கி வழிவிட்டார்.

எழுத்தர் திரையைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "நூலகக் கட்டடம், பின்புறத் தகரக் கொட்டகை, பல்கலைக்கழக வளாகம். ஏம்மா, எங்க விலாசத்தையே எங்களுக்கு எழுதி அனுப்பினா எப்படி?"

"அங்கதான் சார் இருக்கோம்."

"வாடகைப் பத்திரம், கரண்டு ரசீது, எதாவது?"

"நாங்க கட்டுற வீட்டுல லைட்டு எரியறப்போ நாங்க அங்க இருக்க மாட்டோம் சார். ரசீது எங்க பேருக்கு எப்படி வரும்?"

எழுத்தரின் சிரிப்பு நின்றது. சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, "வாங்க, போய்ப் பார்க்கலாம்" என்று எழுந்தார்.

கொட்டகைக்குள் குனிந்துதான் நுழைய வேண்டியிருந்தது. மழை படாத உயரத்தில், கம்பியில் மாட்டிய பிளாஸ்டிக் உறையில் ஒன்பது பள்ளிகளின் சான்றிதழ்களும் வரிசையாக இருந்தன. ஒன்றில்கூட மூலை மடங்கவில்லை. எழுத்தர் எல்லாவற்றையும் நிதானமாகப் புரட்டிப் பார்த்தார். பிறகு மூவரும் பதிவாளர் அறைக்குப் போனார்கள்.

பதிவாளர் அம்மையார் நல்லவர்தான், ஆனால் அவசரக்காரர். "கடைசித் தேதிக்கு இன்னும் மூணே நாள். விதியை மாத்தறதுக்கெல்லாம் நேரமில்லை. தெரிஞ்சவங்க வீட்டு விலாசம் ஒண்ணைப் போட்டுக் குடும்மா. நானே கையெழுத்துப் போட்டு விடறேன்."

டைல்ஸ்காரம்மாவுக்கு உயிர் வந்தது. தங்களை வேலைக்கு வைத்திருக்கும் மேஸ்திரியின் வீட்டு விலாசம் அவளுக்கு மனப்பாடம். சொல்ல வாயெடுத்தவளை மகள் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"வேணாம் மேடம்."

"என்னது?"

"நான் இன்னைக்குப் பொய் விலாசம் எழுதினா, நாளைக்கு எங்களை மாதிரி கொட்டகையிலேர்ந்து வர்ற பிள்ளைங்களும் பொய்தான் எழுதணும். மேஸ்திரி வீடு தெரியாத பிள்ளை என்ன பண்ணும்?"

கூடி வந்த காரியத்தை இவளே உதறுகிறாளே என்று டைல்ஸ்காரம்மா மகளை முறைத்தாள். ஆனால் மகள் நிமிர்ந்து நின்ற விதத்தைப் பார்த்ததும் தானும் நிமிர்ந்துகொண்டாள். "அவ சொல்றதுதாங்க சரி" என்றாள்.

அன்று சாயங்காலம், இப்படி எத்தனை பிள்ளைகள் என்று பார்க்க எழுத்தர் பழைய பட்டியல்களைத் தோண்டினார். முகவரிக்காகத் தள்ளிவிட்ட விண்ணப்பங்கள் மூன்று வருடத்தில் அறுபத்து மூன்று. அந்தத் தாளைப் பதிவாளர் இரண்டு முறை படித்தார். மறுநாளே சேர்க்கைக் குழுவைக் கூட்டினார். கடைசியாகப் படித்த பள்ளியின் கடிதமோ, வேலையிட மேற்பார்வையாளரின் கடிதமோ இருந்தால் போதும் என்று முடிவாயிற்று. கடைசித் தேதியும் பதினைந்து நாள் தள்ளிப்போனது.

பழைய அறுபத்து மூன்று பேருக்கும் தகவல் சொல்ல வேண்டும் என்றார் பதிவாளர்.

"எந்த விலாசத்துக்கு மேடம் அனுப்பறது?" என்று எழுத்தர் கேட்க, பதிவாளரே சிரித்துவிட்டார்.

அந்த வேலையை டைல்ஸ்காரம்மா ஏற்றுக்கொண்டாள். செங்கல் சூளை, பாலம் வேலை, சாலை வேலை என்று அவளுக்குத் தெரியாத கூட்டம் இல்லை. பட்டியலைக் கணவன் படிக்கப் படிக்க, ஒருவர் மாற்றி ஒருவருக்குப் போன் போட்டாள். சிலர் வேறு வேலைக்குப் போயிருந்தார்கள். சிலருக்குக் கல்யாணம் ஆகியிருந்தது. சிலர், இனிமேல் படிப்பாவது என்று போனை வைத்துவிட்டார்கள். "என் பொண்ணும் வர்றா, தைரியமா வா" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். பத்தொன்பது பேர் வந்தார்கள். இரண்டு வயதுக் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒருத்தி வந்தாள்.

பதினான்கு பேருக்கு இடம் கிடைத்தது. மகளுக்குக் கணிதத் துறை.

வகுப்பு தொடங்கிய காலையில் டைல்ஸ்காரம்மா வாசிப்பறையின் தரையில் மண்டியிட்டு வேலை செய்துகொண்டிருந்தாள். கண்ணாடி மாட்டாத ஜன்னலுக்கு வெளியே புது மாணவர்கள் போனார்கள். நடுவில் மகள். குழந்தைக்காரியின் பையையும் அவளே வாங்கித் தோளில் மாட்டியிருந்தாள்.

"கலவை காயுதும்மா, என்ன வேடிக்கை?" என்று மேஸ்திரி சத்தம் போட்டார்.

"காயட்டும், திரும்பக் கலக்கிக்கலாம். இங்க வந்து பாருங்க மேஸ்திரி, அதோ போறா பாருங்க, என் பொண்ணு."

மேஸ்திரி வந்து பார்த்தார். மாடியிலிருந்த கணவனையும் கத்திக் கூப்பிட்டார். அவன் ஏற்கெனவே மேலே கம்பியைப் பிடித்தபடி நின்று பார்த்துக்கொண்டுதான் இருந்தான்.