இரண்டாவது அடி

வெள்ளை இறகுகள் மெல்ல இறங்கிக்கொண்டிருக்கின்றன, கொட்டகையில் அத்தனை கோழிகளும் ஒரே நேரத்தில் இறக்கையடித்து ஓய்ந்த பிறகு, அருளப்பனின் கிழிந்த உதட்டில் அவை வந்து ஒட்டுவதைப் பார்த்தபடி ரூபவதி நிற்கிறாள், எப்போது நினைத்தாலும் அந்தப் பகல் அவளுக்கு இங்கிருந்துதான் தொடங்குகிறது, பிறகு பின்னால் நழுவி சேலத்து லாட்ஜ் அறைக்குப் போகிறது, அங்கே கட்டிலில் ஒரு செப்புக் கலசம், இடி விழுந்து சக்தி ஏறியது, அரிசியைத் தன்பக்கம் இழுக்கும், வெளிநாட்டில் கோடிக்கு விலைபோகும் என்று சொல்லி விற்பதற்காகப் பழைய பாத்திரக்கடையில் வாங்கியது, அடியில் காந்தம், அரிசியில் இரும்புத்தூள், அருளப்பன் தரகன், அவள் மும்பையிலிருந்து சோதிக்க வந்த விஞ்ஞானி, நீ வாயத் தொறக்காத, கண்ணாடிய மட்டும் ஏத்தி விட்டுக்கோ, என்று அவன் சொல்லிக்கொடுக்கிறான், ஸ்கேன் சென்டரில் தரை துடைத்துக்கொண்டிருந்தவளை நான்கு வருடம் முன்பு கூட்டிவந்தவன், இதுதான் கடைசி, முடிஞ்சா ஓசூர்ல வீடு, வாசல்ல உன் பேரு, என்கிறான், ஊரையே ஏமாற்றுகிறவன் தன்னை மட்டும் ஏமாற்றமாட்டான் என்று எப்படித்தான் நம்பினாளோ.

நாமக்கல் பக்கத்தில் முட்டைப் பண்ணை வைத்திருந்த பொங்கியண்ணன்தான் அவர்கள் குறிவைத்த ஆள், வாங்க அம்மிணி, வெயில்ல வந்திருக்கீங்க, என்று மோர் கொடுத்தார், கலசத்தின் பக்கம் அரிசி ஊர்ந்ததைக் குனிந்து பார்த்தார், பிறகு தன் துண்டின் முடிச்சை அவிழ்த்தார், இது நம்மூட்டு அரிசிங்க, இதையும் ஒருக்கா இழுக்கச் சொல்லுங்க, அந்த அரிசி அசையவில்லை, அவர் போய்க் கொட்டகைக் கதவைத் தாழிட்டார், போன வருசம் வேற ரெண்டு பேரு இதே மாதிரி ஒண்ணக் கொண்டாந்தாங்க, தோட்டம் போச்சு, எம்பட ஊட்டுக்காரி மருந்தக் குடிச்சிட்டு எட்டு நாள் கெடந்து செத்தா, என்று தாழ்ந்த குரலில் சொன்னார், அதற்குள் கூண்டுகளுக்குப் பின்னால் நின்றிருந்த பண்ணையாட்கள் இருவர் இரும்புக் குழாயோடு வந்துவிட்டார்கள், முதல் அடி அருளப்பனின் முழங்காலில், அடுத்தது வாயில், பல் தெறித்துத் தீவனத்துக்குள் விழுந்தது, கோழிகள் அலறின, குழாய் இறங்க இறங்க அருளப்பன் தவழ்ந்தான், தவழ்ந்து வந்து பொங்கியண்ணன் காலைப் பிடித்தான், அண்ணா, எல்லாம் அவ போட்ட திட்டம்ணா, நான் வெறும் டிரைவர்ணா.

அப்போதுதான் இறகுகள் இறங்கின, பொங்கியண்ணன் ஒரு சுத்தியலை அவள் கையில் வைத்தார், பொம்பளைய அடிக்கிற பழக்கம் நமக்கில்லீங்க அம்மிணி, இவன் கையில ஒரே ஒரு போடு போடுங்க, ரெண்டு பேரும் போயிக்கலாம், ஆட்கள் அவன் வலக்கையைச் சிமெண்டுப் படியில் விரித்துப் பிடிக்கிறார்கள், மெதுவாகப் போட்டுவிடலாம் என்றுதான் அவள் ஓங்குகிறாள், அருளப்பன் அவள் முகத்தை நேராகப் பார்த்துக்கொண்டே, அவதான்ணா, சத்தியமா அவதான், என்கிறான், சுத்தியல் இறங்கியபோது விரல் நொறுங்கிய சத்தம் அவள் தோள்வரை ஏறியது, யாரும் கேட்காமலே மறுபடி ஓங்கினாள், மூன்றாவதற்குப் பொங்கியண்ணனே பதறி அவள் மணிக்கட்டைப் பிடித்தார், ஆனால் அதற்குள் அது இறங்கிவிட்டிருந்தது, போதும் அம்மிணி, உடுங்க.

ஆஸ்பத்திரியில் கை மெஷினில் மாட்டிக்கொண்டது என்று எழுதவைத்தவள் அவள்தான், அவனை விட்டு ஓடிப்போயிருக்கலாம், போகவில்லை, ஏன் என்று இன்றுவரை அவளுக்கே தெரியாது, மூன்று விரல்களை எடுத்துவிட்டார்கள், ஆறாம் நாள் காலையில் அவள் அவனுக்கு முகம் துடைத்துவிடும்போது உடைந்த பற்களுக்கிடையே அவன் கேட்டான், மொத அடி அந்தாளு சொன்னது, சரி, மத்த ரெண்டும் எதுக்குடி, அவள் துண்டை நனைத்துப் பிழிந்தாள், மொத அடியும் என்னோடதுதான், என்றாள், நெற்றியைத் துடைக்க அவள் கை உயர்ந்ததும் அவன் கண்களை இறுக மூடிக்கொண்டான்.