நடுகல்லில் காலியிடம்

எல்லாப் பள்ளிகளையும் போலவே கோகிலம் டீச்சரின் பள்ளியிலும், இணைய அருங்காட்சியகப் படத்தை அளவுக்கு மீறிப் பெரிதாக்கினால் படத்தில் இருப்பவர் வகுப்புக்கு இறங்கி வந்துவிடுவார். பாடம் முடிந்ததும் அவரைத் திருப்பி அனுப்ப வேண்டியது வரலாற்று ஆசிரியரான கோகிலத்தின் பொறுப்பு. கணக்கு டீச்சருக்கு இந்தத் தலைவலி கிடையாது. அவரைப் பார்த்தாலே கோகிலத்துக்கு வயிறெரியும்.

நின்று நின்றே அவளுக்குக் கால் நரம்பு சுருண்டு வீங்கியிருந்தது. திங்கட்கிழமை முதல் மருத்துவ விடுப்பு தருவதாகத் தலைமையாசிரியர் மாணிக்கவேலு சொல்லியிருந்தார். அதற்குள் இறங்கி வந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் போயிருக்க வேண்டும், அவ்வளவுதான்.

வெள்ளிக்கிழமை நடுகல் பாடம். மாடு மீட்கப் போய்ச் செத்த வீரன் திரையிலிருந்து இறங்கினான், வில்லைச் சுவரில் சாய்த்தான், முதல் பெஞ்சில் உட்கார்ந்தான். நன்றாகத்தான் பேசினான். மீட்ட மாடுகளின் பெயரைக்கூடச் சொன்னான். சாப்பாட்டு மணி அடித்தது. வந்தவரை வெறும் வயிற்றோடு அனுப்புவதாவது என்று மாணவி பர்வீன் தன் சத்துணவு முட்டையை அவனிடம் நீட்டிவிட்டாள். அவனும் தின்றுவிட்டான்.

"கிளம்புங்க தம்பி, நேரமாச்சு," என்றாள் கோகிலம்.

"சாப்பிட்ட இடத்தைக் காவல் காக்காமப் போறது எங்க வழக்கமில்லம்மா. மாடெல்லாம் எங்க கட்டியிருக்கு?"

சைக்கிள்தான் இருக்கிறது என்றார்கள். அவன் சைக்கிள் கொட்டகைக்குப் போய் நின்றுகொண்டான். எப்போதோ திருட்டுப் போன இரண்டு சைக்கிள்களைச் சாயங்காலத்துக்குள் மீட்டும் வந்துவிட்டான். மாணிக்கவேலுவுக்கு வாயெல்லாம் பல்.

"அவரு இங்கயே இருக்கட்டும் டீச்சர். ஆனா அங்க கல்லு காலியா நிக்குது. எத்தனை பள்ளிக்கூடம் பாக்குற படம் அது?"

"அப்ப என் லீவு, சார்?"

"கல்லு நிரம்பட்டும், எடுத்துக்கங்க."

வகுப்பில் எல்லோரும் வீட்டுக்குப் போயிருந்தார்கள். கோகிலம் திரையைப் பார்த்தாள். கல்லின் கீழ் வரிசையில் சண்டை நடக்கும் இடம் காலி. மேல் வரிசை சொர்க்கம். அங்கே வீரன் உட்கார ஒரு மணை இருந்தது, கவரி வீச இரண்டு பெண்கள் காத்திருந்தார்கள். உட்காரும் மணையைக் கண்டதும் அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. வீட்டுக்கு போன் போட்டு, சாம்பார் ஃபிரிட்ஜில் இருக்கிறது என்று சொன்னாள். செருப்பைக் கழற்றி மேசைக்கடியில் தள்ளிவிட்டுப் படத்துக்குள் ஏறி உட்கார்ந்தாள். பெண்கள் கவரி வீசத் தொடங்கினார்கள். கால்வலி விட்டது. சனியும் ஞாயிறும் அவள் எழுந்திருக்கவே இல்லை. அவ்வளவு சந்தோஷமாக இருந்தாள்.

திங்கட்கிழமை எங்கோ ஒரு பள்ளியில் யாரோ படத்தைப் பெரிதாக்கிக்கொண்டே போனார்கள். கோகிலம் பெருமூச்சு விட்டாள், புடவையைச் சரிசெய்துகொண்டு இறங்கினாள். பிள்ளைகள் எழுந்து வணக்கம் சொன்னார்கள். சாப்பாட்டு மணி வரை நின்றபடியே பேசினாள். முன் பெஞ்சிலிருந்து ஒரு பெண் எழுந்து வந்து முட்டையை நீட்டினாள்.

வெள்ளிக்கிழமையிலிருந்து கோகிலம் ஒன்றும் சாப்பிட்டிருக்கவில்லை. வாங்கித் தின்றாள். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு, சாக்பீஸ் எங்கே இருக்கிறது என்று கேட்டாள்.