5/3/2007

ஓசூரில் ஓர் உதிரிபாகக் கம்பெனி. தகடு வெட்டும் பிரஸ் மெஷின்களுக்குப் பிரேக் லைனிங் அடுத்து என்றைக்கு மாற்ற வேண்டும் என்ற கணக்கை, மேஸ்திரியின் நோட்டிலிருந்து கம்ப்யூட்டரில் ஏற்றியவள் கிருபாராணி. மேஸ்திரி நம் வழக்கப்படி தேதியில் நாளை முதலிலும் மாதத்தை அடுத்தும் எழுதியிருந்தார். கம்ப்யூட்டரோ அமெரிக்காக்காரன் வழக்கப்படி முதலில் மாதத்தைத் தேடியது. 28/3 என்றால் இருபத்தெட்டாம் மாதத்துக்கு அது எங்கே போகும்? அப்படிப்பட்ட வரிகளையெல்லாம் சிவப்பாக்கித் துப்பியது. அறுபது வரிகள். இரண்டு நாள் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் திருத்தினாள்.

அழுத பிள்ளைக்குத்தான் பால். பன்னிரண்டுக்குள் அடங்கிய தேதிகள் அழவே இல்லை. நாளும் மாதமும் இடம் மாறி, சமர்த்தாக உட்கார்ந்துகொண்டன. சிவப்பு போனதே போதும் என்று அவள் மத்திகிரி வீட்டுக்கு டவுன் பஸ் ஏறினாள்.

ஒன்பதாம் நம்பர் பிரஸ்ஸுக்கு நோட்டில் இருந்தது 5/3/2007. மார்ச் ஐந்தில் மாற்ற வேண்டிய லைனிங்கைக் கம்ப்யூட்டர் மே மூன்றுக்குத் தள்ளிவிட்டது. ஏப்ரல் பதினொன்றாம் தேதி, பிரேக் பிடிக்காமல் பிரஸ் தானாக இறங்கியது. அதை ஓட்டிய கல்லாவி ஊர்க்காரர் நல்லுசாமியின் வலது கை மணிக்கட்டோடு போயிற்று.

மறுநாளே கிருபாராணி நோட்டையும் திரையையும் ஒத்துப் பார்த்துவிட்டாள். மேனேஜர் பிரதாப்பிடம் போய்ச் சொன்னாள்.

"திருத்திடும்மா. வெளிய சொல்லாத," என்றார் அவர். "சொன்னா முதல்ல உன் பேருதான் வரும். சர்வீஸ் தேதி இன்னும் வரலைன்னு பிரிண்ட் எடுத்தாச்சு. ஆபரேட்டர் கவனக்குறைவுன்னுதான் ரிப்போர்ட்."

பழி ஓரிடம், பாவம் ஓரிடம். கோழை என்று அவளைத் திட்டலாம். மூன்று வாரமாக அவளே தன்னை அப்படித்தான் திட்டிக்கொண்டாள், திட்டிக்கொண்டதோடு சரி.

கட்டுப் பிரித்தபின் நல்லுசாமி விசாரணைக்கு வந்தார். தப்பு தன்னுடையதுதான் என்று ஒப்புக்கொண்டால் வேலை போய்விடும். பிரதாப் போன் பேச எழுந்து போன நேரம், கையெழுத்துக்கு வைத்திருந்த தாளை, எழுத்து வேலைக்கு அங்கே உட்கார்ந்திருந்த கிருபாராணி பக்கம் நகர்த்தினார்.

"இங்கிலீசா இருக்குது. படிச்சுச் சொல்லு கண்ணு."

மெஷினில் குறையில்லை, லைனிங் மாற்றத் தேதி வரவில்லை, கையை விட்டது என் தவறு. படித்துச் சொன்னாள்.

"மெசினு தானா எறங்குன மாதிரிதான் எனக்குத் தெரிஞ்சுது. கம்ப்யூட்டர்ல அப்படியா இருக்குது?"

"அப்படித்தாங்ணா இருந்துச்சு."

"அது பொய் சொல்லாதில்ல. அப்ப நாந்தான் கைய விட்டிருப்பேன்."

அவள் வாயைத் திறந்தாள். பிரதாப் உள்ளே வந்தார். மூடிக்கொண்டாள்.

கையெழுத்துப் போட்ட கை இப்போது இல்லை. நல்லுசாமி இடது பெருவிரலை நீட்டினார். மைப்பெட்டியை அவள்தான் பிடித்தாள். ரேகைக்குக் கீழே தேதி போட வேண்டியிருந்தது; பிரதாப் பேனாவை அவளிடம் கொடுத்தார். கிருபாராணி மாதத்தை எண்ணில் போடவில்லை. யாரும் மாற்றிப் படிக்க முடியாதபடி முழு எழுத்தில் எழுதினாள்.